சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள், நானும் மனைவியும் சிங்கப்பூரில். இந்த வழித்தடத்தில் போய் வரத் தொடங்கியதிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா, சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதில் ஏறலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு 15,349 கி.மீ. பக்கத்திலுள்ள நியூவார்க் விமான நிலையத்துக்கு 15,344 கி.மீ. இது பூமிப் பந்தின் மேல் அளக்கக்கூடிய மிகக் குறுகிய தூரம். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள், அந்தக் கணக்கில் ஜே.எஃப்.கே. 8,288 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.).

இந்தத் தூரத்தை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம், அது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. அது 180 ஆக இருந்தால் இரண்டு ஊர்களும் உலகத்தின் நேர் எதிரெதிர்ப் பக்கத்தில், வட துருவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருப்பதாக அர்த்தம். கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே குறுக்கு வழி என்பது சிங்கப்பூரிலிருந்து நேராக வடக்கே துருவம் வரை போய், அங்கிருந்து நேராகத் தெற்கே நியூயார்க்குக்கு இறங்குவதுதான். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, ஆக 138 பாகை. ஒரு பாகைக்கு 111 கி.மீ. சொச்சம். பெருக்கிப் பாருங்கள், 15,300 சொச்சம் வரும்.

சரி, எத்தனை மணி நேரம்?

கால அட்டவணையில் போடுவது பொதுவாக 18 மணி நேரமும் அதற்கு மேல் 25 முதல் 50 நிமிடமும். பருவத்தைப் பொறுத்தும், ஜே.எஃப்.கே.யா நியூவார்க்கா என்பதைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். உண்மையில் வானத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தை மறுபடி தொடங்கியபோது, அந்த முதல் விமானம் நியூவார்க்கில் இறங்க எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம். அட்டவணையில் போட்டிருந்தது 18 மணி 25 நிமிடம்.

டிக்கெட்டில் ஒரு நேரம், பைலட் அறிவிப்பில் ஒரு நேரம், இணையத்தில் ஒரு நேரம். எதை நம்புவது?

மூன்றும் சரிதான், மூன்றும் வெவ்வேறு விஷயத்தைச் சொல்கின்றன. டிக்கெட்டில் இருப்பது சாங்கியில் கேட்டைவிட்டு விமானம் நகரும் நிமிடத்திலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கும் நிமிடம் வரை உள்ள நேரம். ரன்வேக்கு உருண்டு போவது, அங்கே வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பிறகு கேட் வரை ஊர்ந்து போவது எல்லாம் அதில் அடக்கம். பைலட் மைக்கில் சொல்வது டேக்-ஆஃபிலிருந்து லேண்டிங் வரை உள்ள நேரம், அதுவும் அன்றைய காற்றைப் பார்த்துச் சொல்வது. இணையத்தில் தூரக் கணக்குப் போடும் பக்கங்கள் 15,349-ஐ ஏதோ ஒரு வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்று காட்டும். அவற்றுக்குக் காற்றும் தெரியாது, வழியும் தெரியாது. பயணத்துக்குத் திட்டமிட டிக்கெட்டில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது நேரம் ஒன்று உண்டு, வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை. எங்களுக்கு அது 24 மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை. சாங்கிக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது, இறங்கிய பின் அமெரிக்கக் குடிநுழைவு வரிசை, பெட்டிகள், அதற்குப் பிறகு சாலை. அழைத்துப்போக வருகிறவரிடம் லேண்டிங் நேரத்தைச் சொல்லாதீர்கள், அதோடு ஒன்றரை மணி நேரம் சேர்த்துச் சொல்லுங்கள்.

குறுக்கு வழி துருவம் வழியாக என்றால், சீட்டுக்கு முன்னால் திரையில் விமானம் ஏன் ஜப்பான் பக்கம் போகிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. முதல் தடவை போனபோது என் மனைவியும் இதையே கேட்டாள். அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்றுதானே படித்தோம், இது கிழக்கே போகிறதே என்று.

வீட்டில் பேத்தியின் உலக உருண்டை ஒன்று இருக்கிறது. அதில் சிங்கப்பூர் மேல் ஒரு விரலை வைத்து, தையல் நூலை நியூயார்க் வரை இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். தட்டையான வரைபடத்தில் நம்பவே முடியாத விஷயம் உருண்டையில் உடனே தெரிகிறது. நூலைத் தளரவிட்டால் பசிபிக் மேல் கிடக்கிறது, இறுக்கினால் வழுக்கிக்கொண்டு மேலே ஏறிச் சீனா, சைபீரியா தாண்டி, உருண்டையின் உச்சியில் திருகாணி இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதுதான் 15,349.

ஆனால் விமானம் நூலைப் பின்பற்றுவதில்லை, காற்றைப் பின்பற்றுகிறது. வட பசிபிக் மேலே சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 200 கி.மீ. தாண்டுவது அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும். அதில் ஏறிக்கொண்டால் அதே எரிபொருளில் அதிக தூரம் போகலாம். அதனால் வழக்கமாக விமானம் தென் சீனக் கடல், ஜப்பானை ஒட்டி, வட பசிபிக், அலாஸ்கா அல்லது கனடா என்று வளைந்து போகிறது. அப்படிப் போகும் தூரம் சுமார் 16,700 கி.மீ. என்று 2018-இல் விமான நிறுவனமே அறிவித்திருந்தது. 1,300 கி.மீ.க்கு மேல் சுற்றுதான், ஆனாலும் அந்த வழிதான் லாபம். இணையத்தில் சிலர் 15,349 என்றும் சிலர் 16,700 என்றும் எழுதுவதற்கும் காரணம் இதுதான். முதலாவது அளவுகோல் தூரம், இரண்டாவது பறந்த தூரம்.

துருவத்தைத் தவிர்க்க வேறு காரணங்களும் உண்டு. அந்தக் குளிரில் எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே போக வேண்டும், அவசரத்துக்கு இறங்க அங்கே விமான நிலையங்கள் குறைவு. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து உலகின் பல நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியையும் தவிர்க்கின்றன.

அப்படியானால் திரும்பி வரும்போது எதிர்க்காற்றில் அதிக நேரம் ஆகுமே?

வந்த வழியே திரும்பினால் ஆகும். ஆனால் பல நாட்களில் திரும்பி வரும் விமானமும் கிழக்கு நோக்கித்தான் பறக்கிறது! நியூயார்க்கிலிருந்து கிளம்பி அட்லாண்டிக் கடந்து, ஐரோப்பா மேல் வந்து, ஆசியாவுக்குள் நுழைந்து, வங்காள விரிகுடாப் பக்கமாகச் சிங்கப்பூருக்கு இறங்குகிறது. இரண்டு ஊர்களும் உலகத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது, இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இரண்டு பயணத்துக்கும் காற்று முதுகிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். எந்த வழி என்பதை அன்றன்றைய வானிலையை வைத்து முடிவு செய்வார்கள், சில நாட்களில் திரும்பும் வழி வேறாகவும் இருக்கும். அதனால்தான் அட்டவணையில் போவதற்கும் வருவதற்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாகத் திரும்பினால், மகள் வீட்டுக்குப் போய் வந்த பயணத்தில் நீங்கள் உலகத்தை ஒரு சுற்று முழுமையாகச் சுற்றி வந்திருக்கிறீர்கள். இதை என் அம்மாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பேத்தியைக் கூப்பிட்டு "பாட்டி உலகத்தைச் சுத்தி வந்திருக்கேன்டி" என்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறார்.

கிளம்பும் நேரம், சேரும் நேரம், தேதி எல்லாம் குழப்பமாக இருக்கிறதே, எளிதாகக் கணக்கிட வழி உண்டா?

உண்டு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் சிங்கப்பூர் நியூயார்க்கைவிடச் சரியாக 12 மணி நேரம் முன்னால், மீதி மாதங்களில் 13 மணி நேரம். கோடையில் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், காலை மாலை என்பதை மட்டும் மனதுக்குள் மாற்றிக்கொண்டால் போதும்.

உதாரணத்துக்கு அந்த 2018 விமானத்தின் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இரவு 11:35-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு நியூவார்க். பார்த்தால் ஆறரை மணி நேரப் பயணம் போல இருக்கும், அதோடு 12-ஐக் கூட்டினால் 18 மணி 25 நிமிடம். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. நியூயார்க்கில் திங்கள் இரவு 10 மணிவாக்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்தில் போய்விடும். அலுவலகத்துக்கு லீவு சொல்லும்போதும் அழைத்துப்போக வருபவரிடம் சொல்லும்போதும் இந்த இரண்டு நாள் தாவலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் "+2" என்று சின்னதாகப் போட்டிருக்கும், அதைக் கவனியுங்கள். (இன்றைய புறப்பாட்டு நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.)

18 மணி நேரமும் இரவாகவே இருக்குமா?

இல்லை, நடுவில் ஒரு சின்னப் பகல் வருகிறது. இரவில் கிளம்பிக் கிழக்கே போவதால் சூரியனை எதிர்கொண்டு போகிறோம், நான்கைந்து மணி நேரத்திலேயே ஜப்பான் பக்கம் விடிந்துவிடும். விமானத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், சன்னல்கள் மூடியிருக்கும். ஒரு தடவை நான் மறைப்பை இரண்டு விரல் அளவுக்கு மட்டும் தூக்கிப் பார்த்தேன். கீழே எல்லாம் கறுப்பு, அடிவானத்தில் அடுப்புத் தணல் போல ஒரு மெல்லிய சிவப்புக் கோடு, அதற்கு மேலே நீலம், அதற்கும் மேலே இன்னும் நட்சத்திரங்கள். பத்து நிமிடத்துக்குள் இறக்கையின் ஓரம் முழுக்கப் பொன்னிறமாகிவிட்டது.

இதில் ஒரு விநோதம். திங்கள் இரவு கிளம்பியிருந்தால் அந்த விடியல் செவ்வாய்க்கிழமை விடியல். கொஞ்ச நேரத்தில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டுகிறோம், கீழே மறுபடி திங்கட்கிழமை. செவ்வாய் காலையில் உதித்த அதே சூரியன் கனடாவின் மேல் திங்கள் மாலையில் மறைகிறது. நியூயார்க்கில் இறங்கும்போது திரும்பவும் செவ்வாய் விடியற்காலை.

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர். வியாழன் இரவு கிளம்பிய ஒரு பயணத்தில் எந்த வெள்ளியை எடுத்துக்கொள்வது என்று கவலைப்பட்டார். கடைசியில் இறங்கும் ஊரின் வெள்ளிக்கிழமைதான் கணக்கு என்று அவரே முடிவு செய்தார், எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

நடுவில் எங்கும் இறங்காமல் போக எரிபொருள் எப்படிப் போதும்?

இதற்கென்றே தயாரித்த விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். உலகத்தில் இது சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் மட்டும்தான் இருக்கிறது, மொத்தம் ஏழு. வெளியே பார்த்தால் வழக்கமான ஏ350 மாதிரியேதான் இருக்கும். உள்ளே எரிபொருள் அமைப்பை மாற்றி 1,65,000 லிட்டர் கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். புறப்படும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன், தொட்டி நிறைந்திருந்தால் அதில் 130 டன்னுக்கு மேல் எரிபொருள் மட்டுமே. அதாவது ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்!

அதற்கு விலையாகச் சரக்கைக் குறைத்துக்கொண்டார்கள், முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை. ஆட்களையும் குறைத்தார்கள். 250 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அளவுள்ள விமானத்தில் 161 இருக்கைகள்தான், 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி. சாதாரண எக்கானமி கிடையாது.

இரண்டே என்ஜின், கீழே பசிபிக். பயமாக இல்லையா?

கேட்பது நியாயம்தான், நானும் கேட்டிருக்கிறேன். இரண்டு என்ஜின் விமானம் கடல் தாண்டுவதற்குத் தனி விதிமுறை இருக்கிறது. வழியில் எந்த இடத்தில் ஒரு என்ஜின் நின்றாலும், மீதி ஒன்றை வைத்துக்கொண்டு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் வழி போட வேண்டும். ஏ350-க்கு அந்த வகையில் 370 நிமிடம் வரை ஐரோப்பிய அனுமதி உண்டு, 2014-இலேயே கொடுத்துவிட்டார்கள். வட பசிபிக் வழியில் ஜப்பான், அலூஷியன் தீவுகள், அலாஸ்கா என்று வரிசையாக இடங்கள் இருப்பதால் அவ்வளவு தூரம் விலகிப் போகவே தேவையில்லை.

பைலட் 18 மணி நேரமும் விழித்திருப்பாரா?

மாட்டார், அதற்கு அனுமதியும் இல்லை. நான்கு பைலட்டுகள் போகிறார்கள், இரண்டு கேப்டன், இரண்டு துணை விமானிகள். முறை வைத்து ஓய்வெடுக்கப் படுக்கை உள்ள தனி அறை இருக்கிறது. பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் அதே போலத் தனி இடம்.

இந்த நேரடி விமானம் முன்பே இருந்து நின்றுபோனது என்கிறார்களே?

ஆமாம். 2004 ஜூன் 28-இல் முதன்முதலாகச் சிங்கப்பூர் – நியூவார்க் நேரடி விமானம் தொடங்கியது, ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். அதற்கு நான்கு என்ஜின்கள், அதனால் எரிபொருள் செலவும் அதிகம். 2008-இல் மொத்த விமானத்தையும் 100 இருக்கை கொண்ட பிசினஸ் வகுப்பாக்கிப் பார்த்தார்கள். எரிபொருள் விலைக்கு முன்னால் அதுவும் தாங்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டு என்ஜின் ஏ350 வந்த பிறகுதான் மறுபடி முடிந்தது. கொரோனாவில் 2020 மார்ச்சில் அதுவும் நின்றது, அந்த நவம்பரிலேயே ஜே.எஃப்.கே.க்கு நேரடி விமானம் தொடங்கினார்கள், நியூவார்க் 2022 மார்ச்சில் திரும்பி வந்தது. மகளைப் பார்க்க முடியாமல் கழிந்த மாதங்கள் அவை. அந்த நவம்பர் அறிவிப்பு வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

எக்கானமி டிக்கெட்டில் போக வழி இல்லையா?

நேரடி விமானத்தில் இல்லை. அதே நிறுவனத்துக்கு ஃபிராங்ஃபர்ட் வழியாக ஜே.எஃப்.கே. போகும் விமானம் ஒன்று உண்டு, அதில் எக்கானமி இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200 கி.மீ. கூட்டினால் 16,500 வருகிறது. பசிபிக் வழி பறக்கும் 16,700-ஐவிடக் கொஞ்சம் குறைவுகூட! ஆனால் நடுவே இறங்கிக் காத்திருப்பதால் மொத்தம் சுமார் 23 மணி நேரம் ஆகிவிடுகிறது. கால் வலிக்காரர்களுக்கு நடுவில் இறங்கி நடக்கக் கிடைக்கும் இடைவெளி நல்லது என்று நினைக்கிறேன். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு நேரடிதான் நல்லது, தூங்கும் குழந்தையை நடுவில் எழுப்ப வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து வருகிறேன், சிங்கப்பூர் வந்து இதில் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் வெறும் நியூயார்க் போவதுதான் நோக்கம் என்றால் நான் சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,500 கி.மீ. சிங்கப்பூர் வந்தால் முதலில் 2,900 கி.மீ. தென்கிழக்கே வந்து, அதற்கப்புறம் 15,349. மொத்தம் 18,000-ஐத் தாண்டிவிடும். துபாய் வழியாகப் போனால் சென்னையிலிருந்து துபாய் 2,900 சொச்சம், அங்கிருந்து நியூயார்க் சுமார் 11,000, ஆக 14,000-க்குள் முடிந்துவிடும். வளைகுடா ஊர்கள் கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கின்றன, சிங்கப்பூர் வழியில் இல்லை.

சிங்கப்பூரில் அண்ணன் வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு, தேக்கா (லிட்டில் இந்தியா) போய், கோயிலுக்குப் போய், அப்புறம் அமெரிக்கா என்றால் தாராளமாக வாருங்கள். அப்போது தூரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

ஜே.எஃப்.கே.யா, நியூவார்க்கா?

இறங்கிய பின் எங்கே போகிறீர்கள் என்பதைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 33 கி.மீ. போலத்தான், ஆனால் நடுவில் மன்ஹாட்டன் இருக்கிறது, ஆறும் பாலமும் நெரிசலும் இருக்கின்றன. எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் உறவினர் இருந்தால் நியூவார்க், குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் ஜே.எஃப்.கே. ஒரு தடவை கொஞ்சம் விலை குறைவென்று ஜே.எஃப்.கே. எடுத்து, மாப்பிள்ளை அலுவலக நெரிசலில் எங்களை அழைத்துப்போக வந்து திரும்ப, காரிலேயே மூன்று மணி நேரம் போனது. அதன் பிறகு நியூவார்க் மட்டும்தான்.

வயதானவர்களை 18 மணி நேரம் உட்கார வைக்கலாமா?

அம்மாவை இரண்டு தடவை அழைத்துப் போயிருக்கிறோம், அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதலில் மருத்துவரைக் கேளுங்கள், அதுவும் இதய நோய், சர்க்கரை, காலில் இரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்கள் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு 12 மணி நேர வித்தியாசத்தில் எந்த ஊர் நேரப்படி போடுவது என்பதை மருத்துவர் தாளில் எழுதித் தந்தால் நல்லது. மாத்திரைகள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும்.

நடைபாதையை ஒட்டிய இருக்கை எடுங்கள். சன்னலோரம் ஆசையாக இருந்தாலும், கழிப்பறைக்குப் போகப் பக்கத்தில் இருப்பவரை எழுப்ப வேண்டுமே என்று வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அம்மா முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தார், இறங்கும்போது காலிரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. இரண்டாவது தடவை நடைபாதை இருக்கை, இறுக்கமான காலுறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பின்பக்கம் வரை ஒரு நடை, அரை மணிக்கு ஒருமுறை சில வாய்த் தண்ணீர். வீக்கம் பெரிதாக வரவே இல்லை. வால் பக்கம் சில வரிசைகளில் சன்னலோரத்தில் ஒற்றை இருக்கை உண்டு, சன்னலும் நடைபாதையும் இரண்டுமே கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

சைவ உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே இந்தியச் சைவ உணவு என்று பதிவு செய்துவிடுங்கள். இந்த விமானத்தில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்து மலையில் இருப்பது போல வைத்திருக்கிறார்கள், பல பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். அம்மாவுக்கு இதில் தலைவலி வரவில்லை என்றார்.

இறங்கிய பிறகு தூக்கம் எத்தனை நாளில் சரியாகும்?

12 மணி நேர வித்தியாசம் என்றால் பகல் அப்படியே இரவாகிறது, இதைவிடப் பெரிய மாற்றம் கிடையாது. எனக்கு ஐந்து நாள், மனைவிக்கு ஒரு வாரம், அம்மாவுக்குப் பத்து நாள். காலையில் வெளிச்சத்தில் நடப்பதுதான் எங்களுக்கு உதவியது. மதியம் படுத்தால் அரை மணி நேரத்தில் யாராவது எழுப்பிவிட வேண்டும். போய் இறங்கிய மறுநாளே வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உலகத்திலேயே நீளமான விமானப் பயணம் இதுதானா?

இதை எழுதும்போது ஆமாம், இடைநில்லாப் பயணிகள் விமானத்தில் சிங்கப்பூர் – ஜே.எஃப்.கே.தான் முதலிடம், ஐந்து கி.மீ. வித்தியாசத்தில் நியூவார்க் அடுத்து. தோஹா – ஆக்லாந்து 14,535 கி.மீ., பெர்த் – லண்டன் 14,499 கி.மீ. அதற்குப் பின்னால். சிட்னி – லண்டன் நேரடியாக, 17,000 கி.மீ., 20 மணி நேரம் பறக்க குவாண்டாஸ் தயாராகி வருகிறது. பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் குறுகிய வழி 20,000 கி.மீ.க்கு மேல் இருக்க முடியாது, அது உலகச் சுற்றளவில் பாதி. அப்படிப் பார்த்தால் இனி கூடுவதற்கு அதிக இடமில்லை.

விமானம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலிகளில் விமான எண்ணைப் போட்டால் வரைபடத்தில் காட்டும். நியூவார்க் போவது எஸ்.க்யூ.22, வருவது எஸ்.க்யூ.21. ஜே.எஃப்.கே. போவது எஸ்.க்யூ.24, வருவது எஸ்.க்யூ.23. ஒன்றை மட்டும் முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள். நடுக்கடலில் தரையில் இருக்கும் கருவிகளுக்குச் சிக்னல் எட்டாத இடங்களில் விமானத்தின் படம் அசையாமல் நிற்கும், சில சமயம் மறைந்தும் போகும். அதைப் பார்த்து என் அம்மா ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அலாஸ்கா பக்கம் வந்ததும் படம் திரும்ப வந்துவிட்டது.